பையைத் திறக்கச் சொன்னபோது

அலுவிகாரையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஏ-9 வீதி தெரியும். கண்டியிலிருந்து புறப்பட்டு, மாத்தளை நகரைத் தாண்டி, எங்கள் ஊர் வழியாக நாலந்தா, நாவுல, தம்புள்ளை, வவுனியா என்று யாழ்ப்பாணம் வரை போகிற வீதி அது. அலுவிகாரை என்றதும் வெளியூர் ஆட்களுக்குக் கற்குகை விகாரைதான் நினைவுக்கு வரும். பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலைச் சுவடிகளில் எழுதப்பட்ட இடம் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். எனக்கு அலுவிகாரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஸ் தரிப்பிடம்தான். பாடசாலைக்கும் டியூஷன் வகுப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்துதான் பஸ் ஏறுவோம். என் வாழ்க்கையில் பாதி அந்த வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதிலேயே போயிருக்கிறது என்று உம்மா சொல்வார்.

அந்த வீதியில் எனக்கு நடந்த இரண்டு சம்பவங்களையும், வாப்பாவுக்கு நடந்த ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். மூன்றும் ஒரு பையைத் திறப்பது பற்றியவை.

முதலாவது 2019 மே மாதம் நடந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோயிருந்தார்கள். அதைச் செய்தவர்களின் பெயர்கள் எங்கள் வீட்டுப் பெயர்களைப் போலவே இருந்தன. தொலைக்காட்சியில் ஒவ்வொரு பெயராக வாசிக்கப்பட்டபோது வாப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வாரத்தில் அவசரகாலச் சட்ட விதிகளின் கீழ் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. எங்கள் சின்ன மாமி முகம் மூடுகிறவர். அவர் ஓகஸ்ட் மாதம் அவசரகால நிலை முடியும்வரை வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. மே மாதம் பாடசாலை திறந்தபோது பெற்றோர் முறைவைத்து வாசலில் நின்று எங்கள் பைகளைச் சோதித்தார்கள். என்னுடைய பையை என் தோழியின் உம்மா சோதித்தார். பயிற்சிக் கொப்பிகளுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். அது எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் உம்மாவும் நானும் உம்மும்மாவுக்கு மருந்து எடுக்க மாத்தளைக்குப் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்தினார்கள். சீருடை அணிந்த இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் வாசலில் நின்றார். மற்றவர் நடுவழியே மெதுவாக நடந்து வந்தார். முன் ஆசனத்தில் இருந்தவர்களைத் தாண்டினார். மடியில் பெரிய பயணப் பையை வைத்திருந்த ஒரு மனிதரையும் தாண்டினார். அபாயா உடுத்திருந்த உம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

“பேக் ஏக அரின்ன.”

பையைத் திறக்கச் சொன்னார். சத்தம் போடவில்லை. கோபமாகவும் இல்லை. உம்மா கை நடுங்கத் திறந்தார். குடை, மருந்துத் துண்டு, தஸ்பீஹ் மாலை, எங்கள் இருவரின் பஸ் காசு முடிந்த கைக்குட்டை, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சிறு போத்தல். அவர் போத்தலை எடுத்துத் தாளைப் பிரித்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். உம்மும்மாவின் முழங்காலுக்குப் பூசும் கருஞ்சீரக எண்ணெய். பஸ் முழுவதும் அந்த மணம் பரவியது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். எங்களுக்கு அருகில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் இரண்டடி பின்னால் போனார்.

அப்போதுதான் எதிர்ப்பக்க ஆசனத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளைச் சாரி உடுத்திய, வயதான சிங்களப் பெண்மணி ஒருவர், விகாரைக்குப் போகிறவராக இருக்க வேண்டும், தன் மடியிலிருந்த பையின் வாயை விரித்து அந்தச் சீருடைக்காரரிடம் நீட்டினார்.

“மகே பேக் ஏகத் பலன்ன புத்தே.”

என்னுடைய பையையும் பார் மகனே என்றார். அந்த இளைஞர் ஒருகணம் தடுமாறினார். பிறகு சிரித்துக்கொண்டு பார்த்தார். உள்ளே தாமரை மொட்டுகளும் ஊதுபத்திப் பெட்டியும் இருந்தன. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் பையையும் திறந்தார். பெரிய பயணப் பை வைத்திருந்த மனிதரும் திறக்க வேண்டியதாயிற்று. ஐந்து நிமிடத்தில் எல்லாருடைய பைகளும் பார்க்கப்பட்டன. பஸ் புறப்பட்டது. உம்மா அந்தப் பெண்மணியிடம் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது அவருடைய கையை மட்டும் தொட்டுவிட்டு இறங்கினார்.

அன்றிலிருந்து உம்மா பஸ்ஸில் போகும்போது உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு பொலித்தீன் பையைத்தான் கொண்டு போகிறார். அந்த நாட்களுக்குத்தான் அப்படி என்று நினைத்தேன். ஆறு வருடம் கடந்துவிட்டது, இன்றும் அப்படித்தான். சென்ற பெருநாளைக்கு நானும் நானாவும் காசு சேர்த்து ஒரு பத்திக் துணிப் பை வாங்கிக் கொடுத்தோம். கலியாண வீட்டுக்கு மட்டும் எடுத்துப் போகிறார். “பஸ்ஸுக்கு ஏன் உம்மா எடுக்கமாட்டீங்க?” என்று கேட்டேன். “தெறக்கச் சொல்ல முந்தியே தெரியட்டுமே மகள்” என்றார்.

இரண்டாவது கதை வாப்பாவுடையது. 2019இல் அந்தச் சம்பவம் நடந்த அன்றிரவு வாப்பா சொன்னார். அதற்கு முன்னர் அவர் அதை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

2008 பெப்ரவரி 2ஆம் திகதி கண்டியிலிருந்து அநுராதபுரத்துக்குப் போன பஸ் ஒன்றில் தம்புள்ளையில் குண்டு வெடித்தது. இறந்தவர்களும் காயப்பட்டவர்களும் பெரும்பாலும் யாத்திரை போன எளிய மனிதர்கள். கண்டியிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற வீதி எங்கள் வீதிதான். அப்போது நான் பிறந்திருக்கவில்லை. உம்மா என்னைச் சுமந்துகொண்டிருந்தார். வாப்பா மிளகு வியாபாரத்துக்காக வாரத்துக்கு இரண்டு தடவை தம்புள்ளைக்குப் பஸ்ஸில் போய்வந்தவர். ஜூன் 6ஆம் திகதி ஒரே நாளில் காலையில் கட்டுபெத்தையிலும் பின்னேரம் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையிலும் பஸ்களில் குண்டு வெடித்தது. அந்த மாதம்தான் நான் பிறந்தேன். உம்மாவைப் பஸ்ஸில் கிளினிக்குக்கு அனுப்பப் பயந்து வாப்பா கடன்பட்டு முச்சக்கரவண்டி பிடித்தாராம்.

அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால் முதலில் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஆள் இல்லாத பார்சல் ஒன்று இருந்தால் கொண்டக்டர் “இது யாருடையது?” என்று கத்துவார். வழியில் இறக்குவார்கள். பயணிகள் பையைச் சுமந்துகொண்டு வரிசையில் நடந்துபோய், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். வடக்கே போகப் போக அது கடுமையாகும். மதவாச்சியிலும் ஓமந்தையிலும் மணிக்கணக்கில் நின்ற கதைகளை யாழ்ப்பாணம் போய்வந்த எவரிடமும் கேட்கலாம். வாப்பாவுக்கு அந்தச் சோதனைகள் மேல் எந்தக் கோபமும் இல்லை. “என்னச் சோதிச்சா என்ன, பஸ் வெடிக்காமப் போய்ச் சேந்தாப் போதும்” என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம்.

ஒருநாள் வாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் இளைஞர் இருந்திருக்கிறார். மிளகு விலை பற்றி இருவரும் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வழியில் இறக்கினார்கள். பழைய அடையாள அட்டையில் பிறந்த இடம் எழுதப்பட்டிருக்கும். வாப்பாவின் அட்டையில் மாத்தளை. அரை நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த இளைஞரின் அட்டையில் யாழ்ப்பாணம். அவரை ஒதுக்கி நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கொண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்பட்டது. வாப்பாவின் பக்கத்து ஆசனம் தம்புள்ளை வரை காலியாகவே இருந்தது.

“அவருக்கு என்ன நடந்திச்சு வாப்பா?”

“தெரியாது மகள். நாங்க போயிட்டோம். அந்தப் பொடியனப் பத்தி இவ்வளவு காலமும் நான் யோசிக்கவே இல்ல. இண்டைக்கு உம்மா வந்து சொன்ன பொறகுதான் யோசிச்சேன்.”

பத்து வயதில் எனக்கு அது முழுமையாக விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. சோதனை எல்லாருக்கும் பொதுவானது என்று வாப்பா அன்று நினைத்திருந்தார். அது அவருக்கு அரை நிமிடமாக இருந்ததால் அப்படி நினைக்க முடிந்தது.

இவ்வருடம் உயர்தரக் கலைப் பிரிவில் அரசறிவியல் படிக்கத் தொடங்கினேன். அடிப்படை உரிமைகள் பாடம் வந்தபோது ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். “நமது அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை எந்த உறுப்புரையில் இருக்கிறது? கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.” நாங்கள் பத்தாம் உறுப்புரையிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தோம். இழிவாக நடத்தப்படாதிருக்கும் உரிமை 11இல் இருந்தது. சட்டத்தின் முன் சமத்துவம் 12(1)இல் இருந்தது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் என்பவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 12(2) சொன்னது. பிறந்த இடம் என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் பக்கத்து ஆசனம் நினைவுக்கு வந்தது. கைது செய்யும்போது காரணம் சொல்ல வேண்டும் என்று 13(1)இலும், நாட்டினுள் நடமாடும் சுதந்திரம் 14(1)இலும் இருந்தன. அந்தரங்கம் தனியோர் உரிமையாக எங்கும் இல்லை. 2015இல் சேர்க்கப்பட்ட தகவல் அறியும் உரிமையில், 14அ உறுப்புரையில், அந்தச் சொல் வருகிறது. அங்கும் அது தகவல் தருவதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாகத்தான் வருகிறது. இந்தியாவின் அரசியலமைப்பிலும் அந்தச் சொல் உரிமையாக எழுதப்படவில்லை. ஆனால் 2017 ஓகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

சட்டப் புத்தகத்தில் தேடிக் கிடைக்காத அந்தச் சொல்லின் பொருள் எங்கள் வீடுகளில் இருக்கிறது. பிறர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று சலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் மனம் கோணாமல் திரும்ப வேண்டும் என்று மத்ரஸாவில் முதல் வருடமே சொல்லித் தந்தார்கள். துருவித் துருவி ஆராயக்கூடாது என்பதும் அதே வருடத்துப் பாடம்தான். ஒரு பெண்ணின் பையும் ஒரு சின்ன வீடு மாதிரிதான். அதற்குள் குற்றம் எதுவும் இருக்காது. வைத்தியரின் துண்டு இருக்கும், அடகுக்கடைச் சீட்டு இருக்கும், மாதத்தின் சில நாட்களுக்காகத் துணியில் சுற்றி வைத்தது இருக்கும், தோழி எழுதிய கடிதம் இருக்கும். ‘ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் பயப்படுகிறாய்?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உம்மாவிடம் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் இன்றுவரை பொலித்தீன் பையோடுதான் போகிறார்.

அதற்காக, சோதனையே வேண்டாம் என்று எழுத என்னால் முடியாது. 1987 ஏப்ரல் 21ஆம் திகதி கொழும்பு மத்திய பஸ் நிலையத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1996 ஜூலை 24ஆம் திகதி தெஹிவளையில் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நிறைந்த ரயிலில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் வீட்டில் காத்திருக்க ஒரு உம்மா, ஒரு அம்மா இருந்திருப்பார். அந்தப் பைகளை யாராவது திறந்து பார்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்களைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமை. கேள்வி, எப்படித் திறப்பது என்பதுதான்.

இதை மற்ற நாடுகளும் யோசித்திருக்கின்றன. 2005 ஜூலை 7ஆம் திகதி லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் நியூயோர்க் நகரில் சுரங்க ரயில் பயணிகளின் பைகளைப் பொலிஸார் சோதிக்கத் தொடங்கினார்கள். அது தங்கள் உரிமையை மீறுகிறது என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சோதனை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்த விதத்தைப் பாருங்கள். யாரைச் சோதிப்பது என்பது முன்கூட்டியே ஓர் எண்ணால் முடிவாகும். ஐந்தாவது ஆள் என்றால் ஐந்தாவது ஆள்தான். அவர் தொப்பி போட்டிருக்கிறாரா, கோட் போட்டிருக்கிறாரா என்று பொலிஸார் பார்த்துத் தெரிவுசெய்ய முடியாது. விருப்பமில்லாதவர் பையைத் திறக்காமல் திரும்பிப் போய்விடலாம். வெடிபொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கலாம். பையிலுள்ள கடிதத்தை வாசிக்க முடியாது, பெயர் விவரம் கேட்டு எழுத முடியாது. சோதனை நடப்பதை அறிவித்தல் போட்டுச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஒரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், குறிப்பிட்ட பகுதிகளில் எந்தச் சந்தேகமும் இல்லாமலே எவரையும் வீதியில் நிறுத்திச் சோதிக்கப் பொலிஸாருக்கு அதிகாரம் தந்தது. 2003இல் அப்படிச் சோதிக்கப்பட்ட கில்லன், குவின்டன் என்ற இருவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2010 ஜனவரியில் அந்த நீதிமன்றம் அவர்களுடைய அந்தரங்க வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பொது வீதியில்தானே சோதித்தோம், அதில் என்ன அந்தரங்கம் என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. பலர் பார்க்க ஒருவருடைய உடையையும் பையையும் துழாவுவது அவமானத்தை இன்னும் கூட்டலாம் என்றார்கள். கருஞ்சீரக எண்ணெய் மணந்த அந்த பஸ்ஸைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது எனக்கு.

நமது நாட்டிலும் ஒன்றுமே இல்லாமல் இல்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தைக் கண்டிப்பாகப் பேணிச் சோதிக்க வேண்டும் என்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கொழும்புக்குப் போய் வழக்காட வசதியில்லாதவர்கள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 1996இல் அதற்கான சட்டம் வந்தது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996தான். கண்டியிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. இதை வாசிக்கும் தாய்மார்கள் அந்த நான்கு இலக்கங்களையும் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது கதை. இது என்னுடையது.

இப்போது சோதனைக்குக் காரணம் குண்டு அல்ல, போதைப்பொருள். அதுவும் தேவையானதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பழக்கத்தால் அழிந்த குடும்பங்களை நானே அறிவேன். சில மாதங்களுக்கு முன்னர் நானும் என் தோழியும் கண்டிக்குப் புத்தகம் வாங்கப் போய் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. வழியில் நிறுத்தினார்கள். சீருடை அணிந்த ஒருவர் ஏறி, எங்கள் ஆசனத்துக்கு வந்ததும் என் மடியிலிருந்த பையை நோக்கிக் கையை நீட்டினார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். புத்தகங்களுக்கு மேலே உம்மா சுற்றித் தந்த சிறு துணிப் பொட்டலம். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அரசறிவியல் வகுப்பு கொஞ்சம் உதவியது.

“மம அரின்னம் சேர்,” என்றேன். நானே திறக்கிறேன் சேர்.

குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் கையைப் பின்னுக்கு எடுத்தார். நான் ஸிப்பைத் திறந்து, பொட்டலத்தை ஓரமாக ஒதுக்கி, புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். “ஹரி நங்கி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் விட்டுக்கொடுத்தார். என் தோழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் உம்மாவிடம் சொல்ல வேண்டும், இனி அந்தத் துணிப் பையை எடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டு ஆசனம் பின்னால் ஒரு பையன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். தலைமயிருக்குச் செம்பட்டைச் சாயம் பூசியிருந்தான். கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறான் என்று, சற்று முன்னர் அவன் தொலைபேசியில் தமிழில் பேசியதிலிருந்து விளங்கியிருந்தது. “விடியவே ஏறிட்டேன்மா, இப்ப வந்துடுவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவரையும் பின்னால் இருந்தவரையும் விட்டுவிட்டார்கள். அவனிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார்கள். பைக்குள் இருக்கிறது என்றான். சிங்களம் சரியாக வரவில்லை. இறங்கச் சொன்னார்கள். இறங்கினான்.

நான் கையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வீதியோரத்தில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் அவனுடைய பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாரம். ஒரு பால்மாப் பெட்டி. பொலித்தீனில் சுற்றிய, சின்னப் பிள்ளையின் சப்பாத்துச் சோடி ஒன்று. சாரத்தின் நுனி மழையில் நனைந்துகொண்டிருந்தது. அவன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

எனக்கு அந்த வெள்ளைச் சாரிப் பெண்மணியின் குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ‘மகே பேக் ஏகத் பலன்ன.’ சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என் பையையும் பாருங்கள், எல்லாருடைய பையையும் பாருங்கள். குறைந்தது, கொண்டக்டரிடம் “அவர் வரும்வரை கொஞ்சம் நில்லுங்கள்” என்றாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மஃரிபுக்கு முதல் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வாப்பா சொல்லியிருந்தார். பஸ்ஸில் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நானும் பேசாமல் இருந்தேன். கொண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்பட்டது.

வீட்டுக்கு வந்து நான் முதலில் சொன்னது என் பையின் கதையை அல்ல, அவனுடைய கதையை. வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“பேர் கேட்டியா மகள்?”

“இல்ல வாப்பா.”

“நானும் கேக்கல்ல” என்றார். அவர் எந்தப் பையனைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.

நான் என் பாடத்தில் படித்ததை ஓரளவு கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெண்ணாக என் கண்ணியத்தைக் காக்க மரியாதையாகக் கேட்பது எப்படி என்று தெரிந்துகொண்டேன். என் தங்கைமாருக்கும் அதைத்தான் சொல்கிறேன்: பயப்படாதீர்கள், சத்தம் போடாதீர்கள், “நானே திறக்கிறேன்” என்று சொல்லுங்கள், உடலைச் சோதிக்க வேண்டுமென்றால் பெண் உத்தியோகத்தர் வரட்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல ஆண்பிள்ளைகளுக்கும், இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்மணி எந்தப் பாடமும் படித்துவிட்டு அன்று பஸ் ஏறவில்லை. அவருடைய பையை யாரும் கேட்கவும் இல்லை. ஊரே எங்களைப் பயத்தோடு பார்த்த ஒரு மாதத்தில், தன் தாமரை மொட்டுகளை எங்களுக்காகத் திறந்து காட்டினார். 2019இல் உம்மாவுக்குக் கிடைத்தது 2008இல் வாப்பாவின் பக்கத்தில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. இவ்வருடம் அந்தப் பையனுக்கும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை கொடுக்க வேண்டியவளாக இருந்தது நான்.

இப்போதும் அலுவிகாரை பஸ் தரிப்பிடத்தில் வெள்ளைச் சாரி உடுத்தியவர்களைக் கண்டால் முகத்தைப் பார்க்கிறேன். அவரை மறுபடி ஒருநாளும் காணவில்லை. பஸ்ஸை எங்காவது நிறுத்தினால் என் பையைப் பற்றி இப்போது நான் அவ்வளவாக யோசிப்பதில்லை. யாரை இறக்குகிறார்கள் என்று பார்க்கிறேன். அந்த நான்கு சிங்களச் சொற்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வாய்விட்டு இன்னும் சொல்லவில்லை.